பருவநிலைக் கவலையைத் தமிழில் பேச ஒரு வட்டம்: சிங்கப்பூரில் முதல்முறை நடத்துபவர்களுக்கு

சிங்கப்பூரில் இரண்டு தமிழர்கள் மின்தூக்கியில் சந்தித்தால் முதல் பேச்சு வெயில்தான். "என்ன வெயில்ங்க, தாங்கல." "ஆமாங்க, முன்னெல்லாம் இப்படி இல்ல." அதற்குள் பத்தாவது மாடி வந்துவிடும், கதவு திறந்துவிடும். அந்த "முன்னெல்லாம் இப்படி இல்ல"வுக்கு அப்புறம் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. பயமோ, கோபமோ, ஊரில் இருக்கும் அம்மாவைப் பற்றியோ, பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றியோ ஏதோ ஒன்று. அதைச் சொல்ல மின்தூக்கியில் நேரமில்லை. சொன்னாலும் எதிரில் இருப்பவர் "ஏர்கான் போட்டுத் தூங்குங்க" என்பார்.

அந்த அடுத்த வாக்கியத்தைச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்றுதான் யீஷூனில் என் வீட்டு வரவேற்பறையில் ஒரு சிறு வட்டத்தைத் தொடங்கினேன். இப்போது மற்றவர்களும் "நாங்களும் எங்க பக்கம் நடத்தலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக நடத்தலாம். நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன?

வெளிநாடுகளில் இதற்கு கிளைமேட் கஃபே என்று பெயர். 2015இல் ஸ்காட்லாந்தின் பர்னம் என்ற சிற்றூரில் ஜெஸ் பெப்பர் என்பவர் தொடங்கினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் ஜான் அண்டர்வுட் டெத் கஃபே என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார். முன்பின் தெரியாதவர்கள் தேநீரும் கேக்குமாக உட்கார்ந்து சாவைப் பற்றிப் பேசுவார்கள். அதை இதற்கு அண்ணன் என்று சொல்லலாம். பின்னர் பிரிட்டனின் கிளைமேட் சைக்காலஜி அலையன்ஸ் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் இதற்கு வேறொரு வடிவம் கொடுத்தார்கள். அவர்கள் முறையில் "என்ன செய்யலாம்" என்ற பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு, மனத்தில் இருப்பதை மட்டும் பேசுவார்கள். நான் பின்பற்றுவது இந்த முறையை.

நம்மவர்களிடம் விளக்கும்போது கஃபே என்ற சொல்லை நான் எடுப்பதில்லை. எடுத்தால் "எந்தக் கடை?" என்று கேட்பார்கள். "துக்கம் விசாரிக்கப் போற மாதிரி" என்று சொல்லிவிடுவேன். உடனே புரிந்துவிடும்.

துக்க வீட்டுக்குப் போகிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறோம். "எப்படி ஆச்சு?" என்று கேட்கிறோம். அதே கதையைக் காலையிலிருந்து இருபது பேருக்குச் சொல்லியிருப்பார்கள். நமக்கும் முதலிலிருந்து சொல்வார்கள். இறந்தவரைத் திருப்பிக் கொண்டுவர நாம் யாரும் யோசனை சொல்வதில்லை. புளோக்கின் கீழே சீனக் குடும்பத்தின் இறப்புக் கூடாரத்தில் வேர்க்கடலை உடைத்தபடி உட்கார்ந்திருக்கும்போதும் இதையேதான் செய்கிறோம். அந்தப் பழக்கத்தை அப்படியே பருவநிலைக் கவலைக்கும் கொண்டுவருகிறோம். சொற்பொழிவு, தீர்மானம், மறுசுழற்சிப் பிரசாரம், கையெழுத்து வேட்டை எதுவும் கிடையாது. மனநல சிகிச்சை என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"இதெல்லாம் வேலை இல்லாதவங்க பண்றது" என்று என் பெரியப்பா சொன்னார். நீங்களும் கேட்பீர்கள். வாதம் செய்ய விரும்பினால் கையில் ஒரு தகவல் இருக்கட்டும்: 2021இல் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் வெளியான ஆய்வில் பத்து நாடுகளைச் சேர்ந்த 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் கேட்டார்கள். 59 விழுக்காட்டினர் தாங்கள் மிகவும் கவலைப்படுவதாகவோ மிக மிகக் கவலைப்படுவதாகவோ சொன்னார்கள். இந்த உணர்வுகள் அன்றாட வாழ்க்கையையே பாதிப்பதாக 45 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் சொன்னார்கள். அந்தப் பத்து நாடுகளில் இந்தியாவும் பிலிப்பீன்சும் உண்டு, சிங்கப்பூர் இல்லை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "அந்த வயசுல எல்லாரும் எதுக்காவது கவலைப்படுவாங்க" என்றார். சரி, வாதத்தில் நேரத்தை வீணாக்காமல் வேலையைப் பார்ப்போம்.

யாரைக் கூப்பிடுவது

ஆறு பேர் முதல் எட்டுப் பேர் வரை. நான்கு பேருக்குக் குறைந்தால் ஒவ்வொருவரும் கட்டாயம் பேசியாக வேண்டும் என்ற நெருக்கடி வந்துவிடும். பத்தைத் தாண்டினால் கூச்சப்படுபவர்கள் ஒளிந்துகொள்வார்கள், வாய் உள்ளவர் மேடை போட்டுக்கொள்வார்.

வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போடாதீர்கள். நான் போட்டேன். இருநூறு பேர் இருந்த குழுவில் கட்டைவிரல் அடையாளம் முப்பது வந்தது, ஆள் இரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "உங்க தோப்பைப் பத்தி அன்னைக்குச் சொன்னீங்களே, அதை இன்னும் கொஞ்சம் பேசலாமா?" என்று கேட்டால் வருவார்கள்.

யாரை ஒன்றாக உட்கார வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். முதலாளியும் அவரிடம் வேலை பார்ப்பவரும் ஒரே வட்டத்தில் வேண்டாம். ஆசிரியரும் அவருடைய இப்போதைய மாணவரும் வேண்டாம். மாமியார் மருமகள் உங்கள் துணிச்சலைப் பொறுத்தது. கணவன் மனைவி வரலாம், ஆனால் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேண்டாம். ஒருவர் பேசும்போது மற்றவர், "அது 2015 இல்ல, 2016" என்று திருத்திக்கொண்டே இருப்பார்.

வேலை அனுமதியில் இருக்கும் ஊழியர் அண்ணன்மார்களைக் கூப்பிடுவதென்றால் இடத்தையும் நேரத்தையும் அவர்களுக்கு ஏற்றபடி மாற்றுங்கள். பெரும்பாலானோருக்கு ஞாயிறு மட்டுமே விடுமுறை. துவாஸ் விடுதியிலிருந்து யீஷூனுக்கு வா என்றால் எப்படி வருவார்? ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் எப்படியும் தேக்கா பக்கம் வருவார்கள். அங்கேயே ஒரு மூலையில் நான்கு மணிக்கு உட்காரலாம். ஏழு மணிக்குள் விட்டுவிட வேண்டும், ஊருக்கு வீடியோ அழைப்பு இருக்கும்.

நாள் பார்க்கும்போது ராகு காலத்தை நான் பார்ப்பதில்லை, பள்ளித் தேர்வைப் பார்க்கிறேன். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நடக்கும். அந்த நேரத்தில் பூமி எரிந்தாலும் பெற்றோர் வரமாட்டார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்கள், தைப்பூசம், சீனப் புத்தாண்டு, ரமலான் மாத மாலைகள் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

எங்கே உட்காருவது

முதல் கூட்டத்துக்கு வீடுதான் நல்லது. தொலைக்காட்சியை அணைத்து, பிள்ளைகளை அறைக்குள் அனுப்பி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் போதும். நடுவில் மேசை வேண்டாம். மேசை இருந்தால் அலுவலகக் கூட்டம்போல் ஆகிவிடும்.

வீட்டில் இடமில்லையென்றால் வசிப்போர் குழு நிலையம், சமூக மன்றத்தின் சிறிய அறை, நூலகத்தில் வாடகைக்குக் கிடைக்கும் அறை என்று வழிகள் இருக்கின்றன. புளோக்கின் கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்றத்திடம் கேட்க வேண்டும். ஆனால் அங்கே மாலையில் பிள்ளைகள் பந்து உதைப்பார்கள், யாராவது கண்கலங்கும் நேரத்தில் தெரிந்த ஆன்ட்டி ஒருவர் காய்கறிப் பையோடு அந்த வழியாகப் போவார். கோயில், பள்ளிவாசல், தேவாலயக் கூடங்கள் மலிவாகக் கிடைத்தாலும் நான் எடுப்பதில்லை. தமிழ் பேசுபவர்களில் எல்லா மதத்தினரும் இருக்கிறோம். ஒரு கூட்டத்தாரின் வாசலில் மற்றவர்கள் தயங்குவார்கள்.

பூங்காவில் வைக்கலாமா என்று இளையர்கள் கேட்பார்கள். நண்பர்கள் பாய் விரித்து உட்கார்ந்து பேசுவது வேறு. பதாகை பிடிப்பது, ஒரு கோரிக்கைக்காகப் பொது இடத்தில் கூடுவது எல்லாம் வேறு. 2009இல் வந்த பொது ஒழுங்குச் சட்டத்தின்படி அதற்குக் காவல்துறை அனுமதி வேண்டும். ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனைக்குத் தனி விதிகள் உண்டு. 2019 செப்டம்பரில் பருவநிலைப் பேரணி நடந்தது அங்கேதான். ஆனால் அங்கு நடக்கும் கூட்டங்களில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே அனுமதியில்லாமல் கலந்துகொள்ளலாம். உங்கள் வட்டத்தில் வேலை அனுமதியிலோ மாணவர் அனுமதியிலோ இருப்பவர்கள் இருந்தால் இதை அறிந்தே முடிவெடுங்கள். அவர்களுக்கு ஆபத்து உங்களைவிட அதிகம். நான் நான்கு சுவருக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்.

சாப்பாடு: தேநீர், வடை, ஏதாவது ஒரு பழம். ஹலால் கடையில் வாங்கிய சைவப் பலகாரம் என்றால் எல்லோரும் தொடுவார்கள். முறுக்கு வேண்டாம். ஒருவர் மனம்விட்டுப் பேசும்போது இன்னொருவர் கடக்கென்று கடிக்கிற சத்தத்தை நான் அனுபவித்திருக்கிறேன்.

நடத்துபவர் இருவர்

ஒருவர் பேச்சை நடத்துவார். இன்னொருவர் கவனித்துக்கொள்வார்: யார் எழுந்து போகிறார், யார் கைகளைப் பிசைகிறார், கடிகாரம் என்ன சொல்கிறது என்றெல்லாம். யாராவது அழுதுகொண்டே வெளியே போனால் இரண்டாமவர் பின்னால் போய் நடைபாதையில் சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. பட்டம், பயிற்சி எல்லாம் கட்டாயமில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். நம்மிடையே அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

கூட்டம் எப்படிப் போகும்

ஒன்றரை மணி நேரம் போதும். இதற்கு மேல் இழுத்தால் உணர்ச்சி குறைந்து அரட்டை ஆகிவிடும்.

என் முதல் கூட்டத்துக்கு நான் இருபத்திரண்டு படவில்லைகள் தயாரித்திருந்தேன். 2024 ஜனவரியில் வெளியான சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு, 2100க்குள் இங்கே கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது. தீவின் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நிலம் கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கடலோரப் பாதுகாப்புக்கு நூறு பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். எல்லாவற்றையும் வண்ண வண்ணமாகப் போட்டுக் காட்டினேன். அறை அமைதியானது. நான் அதை ஆழ்ந்த உணர்ச்சி என்று நினைத்தேன். கடைசியில் ஒருவர் கையைத் தூக்கி, "அப்ப பாசிர் ரிஸ் பக்கம் வீடு வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். மீதி நேரம் முழுதும் வீட்டு விலை.

அன்றிலிருந்து படவில்லைகளுக்கு விடை கொடுத்துவிட்டேன். இப்போது இப்படித்தான் தொடங்குகிறேன்.

எல்லோரும் வந்ததும் தேநீர். பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு நடத்துபவர் நான்கே விதிகளைச் சொல்வார். நான் பேச்சுத் தமிழில்தான் சொல்வேன்: "இங்க கேக்கறது இங்கயே இருக்கட்டும். பேசப் பிடிக்கலன்னா 'அடுத்து'ன்னு சொல்லிடலாம். யாரும் யாருக்கும் யோசனை சொல்ல வேண்டாம். போனைப் பையில போட்டுடுங்க." அவ்வளவுதான். படம் எடுப்பது கூடாது, 'நல்லதொரு மாலை' என்று முகநூலில் போடுவதும் கூடாது. இங்கே சில பேருக்கு வேலை அனுமதி இருக்கிறது, சில பேருக்கு மேலதிகாரி இருக்கிறார், சில பேருக்கு அத்தை இருக்கிறார்.

அடுத்து, பொருள் சுற்று. வரும்போது இயற்கை தொடர்பான அல்லது வானிலை நினைவு தொடர்பான ஒரு சிறு பொருளைக் கொண்டுவரச் சொல்லியிருப்போம். ஒவ்வொருவரும் அதைக் காட்டி இரண்டு நிமிடம் பேசுவார்கள். இந்தப் பழக்கம் பிரிட்டனிலிருந்து வந்தது, ஆனால் நம்மிடம் அற்புதமாக வேலை செய்கிறது. காரணம் எனக்குத் தெரியும்: நமக்கு நம்மைப் பற்றிப் பேச வெட்கம், பொருளைப் பற்றிப் பேச வெட்கமில்லை. ஒரு கொட்டாங்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவோம்.

எங்கள் வட்டத்துக்கு வந்தவை சிலவற்றைச் சொல்கிறேன். 2013 ஜூன் 21 அன்று புகைமூட்டத்தில் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டபோது ஓர் அக்கா வாங்கி, இன்றுவரை அலமாரியில் வைத்திருக்கும் முகக்கவசம். அன்று அவர் கைக்குழந்தையோடு வீட்டில் அடைபட்டிருந்தார். ஈரத்துணியைச் சன்னல் இடுக்குகளில் அடைத்ததைச் சொல்லும்போது கைகள் அதே மாதிரி அசைந்தன. இன்னொருவர் கொண்டுவந்தது ஓர் உலர்ந்த தென்னங்கீற்று. பட்டுக்கோட்டைக்காரர். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது அவர் இங்கே இரவு வேலையில் இருந்தார். அந்தப் புயலில் டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அவருடைய அப்பா நட்டவையும் அதில் அடக்கம். "போன்ல எங்கப்பா மரத்தைப் பத்தி ஒண்ணும் பேசல. 'நீ சாப்டியா'ன்னு மட்டும் கேட்டாரு" என்றார். அதற்கு அப்புறம் அறையில் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த அமைதியைக் கலைக்காதீர்கள். மனத்துக்குள் முப்பது வரை எண்ணுங்கள்.

பொருள் சுற்று முடிந்ததும் திறந்த பேச்சு, நாற்பது நிமிடம். இங்கே கேள்வி கேட்கும் விதம் முக்கியம். "இதைப் பற்றி நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எதிரில் இருப்பவர் வானொலிப் பேட்டிக்கு வந்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து, "பருவநிலை மாற்றம் என்பது மிகப் பெரிய சவால்..." என்று ஆரம்பிப்பார். தமிழில் அது யாரும் யாரையும் கேட்கிற கேள்வி இல்லை. நான் கேட்பவை இவை: ஊரில் பெருமழை என்று செய்தி வந்தால் முதலில் யாருக்குப் போன் போடுவீர்கள்? உங்கள் புளோக் பக்கம் எந்த மரத்தை வெட்டினால் உங்களுக்கு வயிறு எரியும்? இதில் எதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைக்கிறீர்கள்? ராத்திரி ஏர்கானைத் தட்டும்போது மனசுக்குள் என்ன ஓடும்? ஒரு மாலைக்கு ஒரு கேள்வி, மிஞ்சிப்போனால் இரண்டு.

கடைசிப் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் ஒரு சொல்லோ ஒரு வாக்கியமோ சொல்லி முடிக்கலாம். சொல்லாமலும் முடிக்கலாம்.

சொற்களைப் பற்றி ஒரு சிறு கிளைக்கதை

இங்கே வளர்ந்த பிள்ளைகள் பள்ளியில் படித்த செந்தமிழுக்கும் வீட்டில் பேசும் ஆங்கிலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். கலந்து பேசட்டும், திருத்தாதீர்கள். ஆனால் சில சொற்களைத் துண்டுத் தாள்களில் எழுதி நடுவில் போட்டு வைப்பேன்: ஏக்கம், எரிச்சல், ஆற்றாமை, குற்ற உணர்ச்சி, மரத்துப்போதல், பொறாமை. பொறாமை எதற்கு என்று கேட்பார்கள். 'எங்க தாத்தாவுக்கு இந்தக் கவலையே இல்லையே' என்ற பொறாமை. பதின்ம வயதினர் அடிக்கடி எடுக்கும் தாள் அதுதான்.

ஆற்றாமை என்ற சொல்லை நான் வேண்டுமென்றே வைக்கிறேன். செய்ய முடியாமையும் அதில் இருக்கிறது, தாங்க முடியாமையும் இருக்கிறது. ஒரே சொல்லில் இரண்டும். கிளென் ஆல்பிரெக்ட் என்ற ஆஸ்திரேலிய மெய்யியலாளர், ஹண்டர் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்கள் தங்கள் கண் முன்னாலேயே ஊரை மாற்றியதைப் பார்த்துத் தவித்த மக்களுக்காக சோலாஸ்டால்ஜியா என்று ஒரு புதுச் சொல்லை உருவாக்கினார். வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்கு ஏங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு: ஊரை விட்டு வந்த ஏக்கம் ஏற்கனவே இருக்கிறது, இப்போது ஏங்குவதற்கு அந்த ஊரே பழையபடி இல்லை.

இலக்கிய ஆர்வலர்கள் வந்த ஒரு மாலையில் திணைகளை வைத்துப் பேசிப் பார்த்தோம். நிலத்துக்கும் மன உணர்ச்சிக்கும் முடிச்சுப் போட்டு வைத்த மரபு நம்முடையது. பாலைக்குப் பிரிவு, முல்லைக்குக் காத்திருப்பு, நெய்தலுக்கு இரங்கல். "இன்னைக்கு நீங்க எந்தத் திணையில இருக்கீங்க?" என்று கேட்டேன். அழகாகத்தான் போனது, ஆனால் பாதிப் பேர் பாட்டு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஐயா மட்டும் நெய்தல் என்றார். அவர் சிறுவயதில் காத்தோங் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கடல் இருந்திருக்கிறது. 1966இல் கிழக்குக் கடற்கரை நிலமீட்புத் தொடங்கியது, கடல் தள்ளிப் போனது. இப்போது அதே கடலோரத்தில் கடல்மட்ட உயர்வைத் தடுக்க லாங் ஐலண்ட் என்று சுமார் 800 ஹெக்டர் நிலத்தை மீட்கத் திட்டம். "கடல் ஒரு தடவை என்னை விட்டுப் போச்சு. இப்ப திரும்பி வருதுங்கறாங்க. வேணாம்னு இன்னும் தள்ளப் போறாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எங்கே சறுக்கும்

யோசனை சொல்பவர். இவர்தான் முதல் சிக்கல். ஒருவர் "ஊர்ல கிணறு வத்திப் போச்சு, அம்மா குடம் தூக்குறாங்க" என்று சொன்ன உடனே இவர், "போர் போட்டீங்களா? எத்தனை அடி?" என்பார். அன்பினால்தான் கேட்கிறார். நம் ஊரில் அக்கறையைக் காட்டும் வழியே அதுதான், அதனால் கண்டிக்காதீர்கள். "அண்ணே, அதை டீ குடிக்கறப்ப பேசுங்க. இப்ப அவர் முடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பேசியவர் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். மூன்றாவது கூட்டத்தில் அவரே மற்றவர்களைத் தடுப்பார்.

குற்றம் சாட்டுபவர் அடுத்த வகை. "வருஷத்துக்கு ரெண்டு தடவை திருச்சிக்குப் பறக்கறீங்க, அப்புறம் பருவநிலைன்னு அழறீங்க." இது எங்கள் வட்டத்தில் உண்மையாகவே நடந்தது, அந்த அக்கா பிறகு வரவில்லை. நான் உடனே குறுக்கிட்டிருக்க வேண்டும், செய்யவில்லை. அம்மாவைப் பார்க்கப் போகும் விமானமும் அதன் புகையும் இரண்டும் அவருக்குத் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தவிப்பைச் சொல்லத்தான் அவர் வந்தார். இப்போதெல்லாம் 'நீங்கள்' என்று தொடங்கும் வாக்கியத்தை 'நான்' என்று மாற்றிச் சொல்லச் சொல்கிறேன். "நானும் பறக்கிறேன்" என்று தொடங்கினால் பாதி விஷம் இறங்கிவிடும்.

"எல்லாம் கலிகாலம்", "அவன் பார்த்துப்பான்" என்று ஒரே வரியில் மூடுபவரும் வருவார். மறுக்க வேண்டாம். அது அவருடைய ஆறுதல். "அப்படி நினைச்சா உங்களுக்குத் தூக்கம் வருதா, ஐயா?" என்று கேட்டேன் ஒருமுறை. "வரலதான்" என்றார். பிறகு அவர்தான் அதிகம் பேசினார்.

பருவநிலை மாற்றமே பொய் என்பவர் வந்தால் விவாதத்தில் இறங்காதீர்கள். இது பட்டிமன்றம் இல்லை. தேநீர் கொடுத்து, விதியை நினைவுபடுத்தி, சுற்றை நகர்த்துங்கள்.

வேலையிடத்துக் கதைகள் வரும்போது கவனமாக இருங்கள். 2023 அக்டோபரிலிருந்து மனிதவள அமைச்சின் விதிப்படி, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் டபிள்யூபிஜிடி அளவு 32 பாகையைத் தொட்டால், வெளியில் கடும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது பத்து நிமிட ஓய்வு கொடுக்க வேண்டும். 33ஐத் தொட்டால் பதினைந்து நிமிடம். கட்டுமானத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கும் ஒரு தம்பி இதைப் பற்றிப் பேசினார். ஓய்வு கொடுப்பதில் அவருக்குச் சங்கடமில்லை. "பத்து நிமிஷம் ஆச்சு, எழுந்திரிங்கன்னு சொல்றேன் பாருங்க, அதுதான் வீட்டுக்கு வந்தும் காதுல கேக்குது" என்றார். அந்த நேரத்தில் யாரும் "எந்த கம்பெனி?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவர் மூடிக்கொள்வார், அதுவும் நியாயம்தான்.

அழுகை ஒரு சிக்கலே இல்லை. கைத்துடைப்பத் தாளைப் பாய்ந்து போய்க் கொடுக்காதீர்கள். 'போதும், நிறுத்து' என்று அதற்கு அர்த்தம் ஆகிவிடும். எட்டும் தூரத்தில் பெட்டி இருந்தால் அவரே எடுத்துக்கொள்வார்.

ஆனால் வட்டம் தாங்காத சுமை என்றும் ஒன்று உண்டு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, 'இருந்து என்ன ஆகப் போகுது' என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அதைப் பருவநிலைக் கவலை என்று வைத்துக்கொண்டு அடுத்த மாதம்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டு நேராகக் கேளுங்கள். சமாரித்தன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767, தேசிய மனநல உதவி எண் 1771 இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஹெல்த்சர்வ் அமைப்பின் உதவி எண்ணும் உண்டு. இவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். யாரும் பார்க்காமல் படமெடுத்துக்கொள்ளலாம். போனுக்கு நான் அனுமதி தரும் ஒரே இடம் அது.

கூட்டம் முடிந்த பிறகு

"சரி, பேசியாச்சு, இப்ப என்ன செய்யப் போறோம்?" என்று யாராவது கேட்பார். ஏதாவது செய்ய விரும்புபவர்கள் செய்யட்டும். எங்கள் வட்டத்திலிருந்து இருவர் சமூகத் தோட்டத்தில் சேர்ந்தார்கள், ஒருவர் தன் குடியிருப்புப் பேட்டையில் மரம் வெட்டுவதைப் பற்றி நகர மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதையெல்லாம் வட்டத்துக்கு வெளியே வைத்துக்கொண்டார்கள். வட்டத்துக்குள் கொண்டுவந்தால், ஒன்றும் செய்யாதவர் அடுத்த முறை வர வெட்கப்படுவார்.

மாதம் ஒருமுறை வைத்தால் போதும். வாட்ஸ்அப்பில் அடுத்த தேதியை மட்டும் அனுப்புங்கள். மூன்று மாதம் யாரும் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு, அடுத்த வெயில் காலத்தில் மறுபடி தொடங்குங்கள். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 பாகை பதிவானது. இந்தத் தீவில் 40 ஆண்டுகளில் இல்லாத வெப்பம். அப்படியொரு நாளுக்கு அடுத்த வாரம் கூப்பிட்டுப் பாருங்கள், நாற்காலி பற்றாது.

அறை எடுத்து நடத்துகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். கூட்டம் ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும் அறையை இரண்டரை மணி நேரத்துக்கு எடுங்கள். நாற்காலிகளை அடுக்கி வைக்கவும் தரையைப் பெருக்கவும் அவ்வளவு நேரம் தேவையில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரமும் 'அடுத்து', 'அடுத்து' என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், நாற்காலியை அடுக்கும்போதுதான் பேசுவார். போன மாதம் ஓர் அம்மா அப்படித்தான். ஐந்து நாற்காலிகளை அடுக்கிவிட்டு, ஆறாவதைக் கையில் பிடித்தபடி நின்றார். "எம் பொண்ணு புள்ள பெத்துக்க மாட்டேங்குது. இதுக்காகத்தான்னு சொல்லுது. நான் அவகிட்ட என்னன்னு சொல்றது?" என்றார். நாங்கள் அடுக்கியதில் இரண்டு நாற்காலிகளைத் திரும்ப இறக்கி உட்கார்ந்தோம். காவலாளி வந்து விளக்கை அணைக்கும்வரை நேரம் இருந்தது.